விட்டுப்போன பங்காளி

ராமானுஜனைக் கும்பகோணம் எடுத்துக்கொண்டது. அவருடைய நோட்டுப் புத்தகங்களை அமெரிக்கப் பேராசிரியர்கள் வரி வரியாகப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். 1729ஐ லண்டன் டாக்ஸி ஒன்று ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டது. அவர் பிறந்த ஈரோட்டுக்கும், அதே ஜில்லாவில் பர்கூர் மலையடியில் குந்தியிருக்கும் அந்தியூருக்கும் மிஞ்சியது என்ன? வருஷத்துக்கு ஒருதரம் டிசம்பர் 22ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சுப் போட்டி. அதிலும் மேடையேறுகிற பிள்ளை "கும்பகோணம் தந்த கணித மேதை" என்றுதான் தொண்டையைச் செருமும்.

இதற்கெல்லாம் அழுது பிரயோஜனமில்லை. கொங்கு நாட்டுக்காரன் சொத்து விஷயத்தில் அழமாட்டான். பத்திரத்தை எடுத்துப் பார்ப்பான். பார்த்தால், யாரும் பட்டா மாற்றிக்கொள்ளாத ஒரு பெரிய அயிட்டம் அனாமத்தாகக் கிடக்கிறது: 6746328388800.

பதின்மூன்று இலக்கம். வாயால் சொன்னால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜன் அச்சிட்ட நீண்ட அட்டவணை ஒன்றின் கடைசி வரி இது. டாக்ஸியில் ஏறாததால் பேர் வாங்கவில்லை. ஆனால் பங்கு பிரித்தே பிழைத்து, பங்கு பிரித்தே பகைத்துக்கொள்கிற நம் ஜனங்களுக்கு இதைவிடத் தோதான எண் அந்த அட்டவணையில் கிடையாது. ஆகவே இதை நம் பேருக்கு எழுதிக்கொள்வதற்கு முன்னால், முறைப்படி வில்லங்கம் பார்த்துவிடுவோம்.

அப்புச்சி வீட்டு உரிமை

1887 டிசம்பர் 22. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த கோமளத்தம்மாள் ஈரோட்டில் ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றார். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் அப்புச்சி வீட்டில் பிறந்த பிள்ளை. அன்றைக்கு ஈரோடும் அந்தியூரும் ஒரே கோயம்புத்தூர் ஜில்லா. அது ஈரோடு தாலுக்கா, இது பவானி தாலுக்கா. தாலுக்கா மாறினால் சொந்தம் விட்டுப்போகுமா? பவானி ஆற்றைத் தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊரில் இதெல்லாம் ஒரு தூரமே இல்லை.

அப்பா சீனிவாச ஐயங்காருக்குக் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் வேலை. பிள்ளைக்கு ஒரு வயசு சுமார் ஆனதும் தாயும் சேயும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஜவுளிக்கடைச் சம்பளத்தை நம்பி ஈரோட்டிலிருந்து வேறு ஊருக்குப் போன குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஐயங்கார் மட்டும் மாமனார் ஊரிலேயே ஒரு ஜவுளிக்கடையைப் பிடித்திருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

அப்புச்சியின் உத்தியோகம்தான் இதில் முக்கியம். அவர் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனா. அமீனா என்றால் ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். சம்மன் கொண்டுவருகிறவர், டிக்ரி வந்தால் நிறைவேற்றுகிறவர், கட்டிலையும் அண்டாவையும் ஜப்தி செய்யும்போது கூடவே நிற்கிறவர். அண்ணன் தம்பி வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை வழக்கு, கிணற்றுத் தண்ணீரில் முறை என்று எதை எதையோ வகுக்கத் தெரியாமல் கோர்ட்டுக்கு வந்த கூட்டத்தை ஆயுசு முழுக்கப் பார்த்தவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான், மீதி இல்லாமல் எத்தனை விதமாக வேண்டுமானாலும் வகுபடுகிற எண்களைத் தேடிப் பட்டியல் போட்டான். இதை ரத்தத்தில் வந்த வைராக்கியம் என்று சொல்லத் தோன்றுகிறது. நிரூபணம் கேட்காதீர்கள், ராமானுஜனே பல இடங்களில் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் அதே ஈரோட்டில் எட்டு வயசுப் பையன் ஒருவன் சுற்றிக்கொண்டிருந்தான். பேர் ராமசாமி, பின்னால் பெரியார். ஒருவர் பள்ளிக்கூடத்தைச் சின்ன வயசிலேயே உதறினார். இன்னொருவரைக் கல்லூரிகள் உதறின. ஒருவர் சாமியே இல்லையென்று ஊர் ஊராகப் போய் அடித்துச் சொன்னார். இன்னொருவர் நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொல்கிறாள் என்று நண்பர்களிடம் சொன்னார். ஒரே ஊர்த் தண்ணீர் குடித்து இப்படி இரண்டு விதமாகப் போவது காவிரிக் கரையில் மட்டும் நடக்கும். நாமக்கல்லும் கொங்கு மண்தான் என்பதால், தாயார் மூலமாக வரும் உரிமையையும் நம் பக்கமே சேர்த்து எழுதிக்கொள்ளலாம். ஆக, அம்மா வழியும் நம்முடையது, அம்மன் வழியும் நம்முடையது.

முப்பது ரூபாய்க்காரர்

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற எந்தப் பாடத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை, ஸ்காலர்ஷிப் போனது. அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. பரீட்சையில் கணக்கு ஜெயித்தது, உடலியல் முதலான மற்றவை கவிழ்த்தன. காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் கணக்குப் போடுவார். துடைக்கத் துணி தேட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழிப்பார். கடைசி விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். வழிமுறை முழங்கையில், விடை நோட்டில். நம் ஊரில் எந்த வாத்தியாரிடம் இப்படிச் செய்திருந்தாலும் "ஸ்டெப் எங்கடா?" என்று முழங்கையிலேயே போட்டிருப்பார்.

1909இல் கல்யாணம். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, மாதச் சம்பளம் 30 ரூபாய். 1913 ஜனவரி 16ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த கணிதக்காரர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். அதிலும் தன் சம்பளத்தை மறக்காமல் குறிப்பிட்டார்: வருஷத்துக்கு 20 பவுன். ஆராய்ச்சிக் கடிதத்தில் சம்பளத்தைச் சொன்னவர் என்ற வகையிலும் அவர் நம்மவர்தான். நம் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிக்க வந்தாலும் வாத்தியார் விசாரிக்க வந்தாலும் முதல் கேள்வி அதுதான்.

1914 மார்ச் 17இல் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரலில் லண்டன். ஆகஸ்டில் முதல் உலகப் போர். காய்கறி கிடைக்காத ஊரில் சைவச் சாப்பாடு, தானே சமையல், எலும்பைத் துளைக்கும் குளிர். அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் ஒருநாள் பார்க்கப் போனால், மனுஷன் ராத்திரியெல்லாம் குளிர் தாங்கவில்லை என்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறார். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் இருக்கின்றன, ஆனால் மெத்தையடியில் ஒழுங்காகச் செருகி விரித்த மேனிக்கே இருக்கின்றன. அவற்றை உருவி, உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அத்தனை நாளும் கம்பளியின் மேலேயே படுத்திருந்தார். பதின்மூன்று இலக்க எண்ணைப் பத்தாயிரம் விதமாகப் பிரித்துப் பார்த்தவருக்குக் கம்பளியை மெத்தையிலிருந்து பிரிக்கத் தெரியவில்லை.

துண்டுக்குள் ஒரு கணக்கு

அவர் அங்கே குளிரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று புரிய, நாம் ஒரு நடை அந்தியூர் போய் வரவேண்டும்.

ஆடி மாசம் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடுகிற குதிரைச் சந்தைக்குத் திப்பு சுல்தான் காலத்துப் பெருமை உண்டு என்று ஊரில் சொல்வார்கள். மார்வாரி, கத்தியவாரி என்று குதிரைகள் ஒரு பக்கம், பர்கூர் மலை மாடுகள் ஒரு பக்கம். மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் விலை பேசும் முறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாய் பேசாது. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் இவ்வளவு, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இவ்வளவு. துண்டுக்கு மேலே இரண்டு முகமும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். துண்டுக்கு அடியில் விரல்கள் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருக்கும். விலை படிந்துவிட்டால் துண்டு தோளுக்குப் போகும். சுற்றி நிற்பவர்களுக்குக் கடைசிவரை தொகை தெரியாது.

இப்போது மூன்று பங்காளிகள் கூட்டாக ஒரு குதிரை வாங்குகிறார்கள் என்று வையுங்கள். விலை 71 ஆயிரத்தில் படிந்தது. போச்சு. ஆளுக்கு 23 ஆயிரத்து 666 ரூபாய், அப்புறம் ஒரு வால். அந்த வாலை யார் கொடுப்பது என்பதில் குதிரை ஊர் போய்ச் சேர்வதற்குள் மூன்று குடும்பம் பேச்சுவார்த்தை நின்றுவிடும். ஒரு ஆயிரம் ஏற்றி 72 ஆயிரத்தில் முடித்திருந்தால் ஆளுக்கு 24 ஆயிரம். நான்கு பேர் என்றால் 18, ஆறு பேர் என்றால் 12, எட்டு என்றால் 9. ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் உறவு மிஞ்சியது. 71 ஒரு பகா எண். யாரோடும் ஒத்துப்போகாத முசுடு. 72 எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போகிற ஆள்.

72ஐவிடத் தாராளமான ஆள் பக்கத்திலேயே உண்டா? 72க்குக் காரணிகள் 12. ஆனால் அதைவிடச் சின்ன 60க்கும் 12தான். அதாவது, அதே தாராளத்தைக் குறைந்த செலவில் செய்கிறது 60. ராமானுஜன் தேடியது இந்த 60 மாதிரி ஆட்களை: தனக்குக் கீழே இருக்கிற எந்த எண்ணைவிடவும் அதிகக் காரணிகள் உள்ள எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை ஏறும். பள்ளிக்கூடத்தில் பகு எண் என்று படித்தோமே, அந்தச் சாதாரணப் பகு எண்களுக்கு நடுவில் இவை மிராசுதார்கள். நம் பாட்டன் பூட்டன் இந்த மிராசுதார்களைத் தெரியாமலா இருந்தார்கள்? ஒரு நாளுக்கு 60 நாழிகை, பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷம். பஞ்சாங்கமே பங்கு பிரிக்கத் தோதாகத்தான் போடப்பட்டிருக்கிறது.

போர்க்காலத்தில் 63 பக்கம்

ஐரோப்பா முழுக்க எல்லையைப் பங்கு பிரிப்பதில் அடித்துக்கொண்டு செத்த வருஷம் 1915. அந்த வருஷம் பார்த்து, சண்டையில்லாமல் பங்கு பிரிப்பது எப்படி என்று 63 பக்கக் கட்டுரை போட்டார் ராமானுஜன். லண்டன் கணிதச் சங்கத்துக்கு அப்போது பணமுடை. "அச்சுச் செலவு தாங்காது, கொஞ்சம் சுருக்கு" என்ற நிலைமை. எழுதியதில் ஒரு பகுதியை அவர் அப்படியே நிறுத்திவைத்தார். அந்த மிச்சம் 1997இல், நிக்கோலா, ரோபன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதக்காரர்களின் குறிப்புகளோடு அச்சேறியது. 82 வருஷம். நம் பாகப்பிரிவினை வழக்குகளின் சராசரி ஆயுளோடு ஒப்பிட்டால் பரவாயில்லை, சீக்கிரம்தான்.

கட்டுரையின் சாரத்தை ஒரு குடும்பச் சொத்தாகச் சொல்லலாம். 2, 3, 5, 7, 11, 13 என்று பகா எண்கள் வரிசையாக நிற்கும் அண்ணன் தம்பிகள். தாராளமான எண்ணை உண்டாக்க யாருக்கு எத்தனை முறை இடம் கொடுப்பது? ராமானுஜன் நிறுவிய விதி: நடுவில் ஒருத்தரையும் விடக்கூடாது, சின்னவனுக்குக் கொடுத்ததைவிடப் பெரியவனுக்கு அதிகமாகக் கொடுக்கக்கூடாது, கடைசியில் நிற்கிற பெரியவனுக்கு ஒரே ஒரு முறைதான். இந்தக் கடைசி விதிக்கு இரண்டே இரண்டு விலக்கு: 4, 36. அவ்வளவுதான் உயில்.

நம் 6746328388800ஐ இந்த உயிலின்படி பிரித்துப் பாருங்கள். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, அப்புறம் 11, 13, 17, 19, 23 தலைக்கு ஒரு முறை. எல்லாவற்றையும் பெருக்கினால் அந்தப் பதின்மூன்று இலக்கம். காரணிகள் எத்தனை என்று எண்ண, ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கவேண்டும்: 7 × 5 × 3 × 3, அதோடு 2ஐ ஐந்து முறை. விடை 10080. பத்தாயிரத்து எண்பது எண்கள் இதை மீதியில்லாமல் வகுக்கும். 1 முதல் 28 வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் சுத்தமாக வகுபடும். ஒரு குடும்பத்தில் 28 வாரிசு இருந்தாலும் பைசா மீதியின்றிப் பிரித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இந்தக் கட்டுரைக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டமாக பி.ஏ. கொடுத்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தாண்டாதவர், வகுத்தல் கணக்கு போட்டு பி.ஏ. ஆனார். நம் வீடுகளில் "வகுத்தல் கணக்குகூட வரமாட்டேங்குது, நீயெல்லாம் எங்க உருப்படப் போற" என்று திட்டுகிறவர்கள் இதில் உள்ள இன்னொரு பக்கத்தையும் கவனிக்கவேண்டும்: வகுத்தல் மட்டுமே வந்தாலும் உருப்படலாம்.

பத்திரிகை வைக்காத வீடு

இப்போது வில்லங்கம். நூற்றுச் சொச்சம் எண்களைக் கையால் தேடிக் கண்டுபிடித்து அட்டவணை போட்ட அந்த மகானுபாவர், ஒரு எண்ணை விட்டுவிட்டார்.

கொங்கு நாட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது ஒரு பங்காளி வீட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை. மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பேச்செல்லாம் வராத அந்த ஒருத்தரைப் பற்றியே இருக்கும். ராமானுஜன் விட்ட பங்காளியின் பேர் 293318625600. 29 ஆயிரத்து 331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பன்னிரண்டு இலக்கம். வரிசைப்படி 240940299600க்கும் 321253732800க்கும் நடுவில் உட்காரவேண்டியவர். முன்னவருக்கு 4800 காரணிகள், பின்னவருக்கு 5376. நம் ஆளுக்கு 5040. சரியாக இடையில் பொருந்துகிறார். இலை மட்டும் போடவில்லை.

அதிலும் கொடுமை என்னவென்றால், இவர் யாரோ தூரத்து உறவு இல்லை. 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு, 7 இரண்டு, 11, 13, 17, 19. எங்கேயோ பார்த்த ஜாடையாக இருக்கிறதா? கடைசி வரியில் தலைமை தாங்கி உட்கார்ந்திருக்கும் 6746328388800இலிருந்து 23ஐ மட்டும் கழற்றிவிட்டால் வருகிறவர் இவர்தான். 293318625600ஐ 23ஆல் பெருக்கிப் பாருங்கள்: 6746328388800. பெரிய வீட்டுக்குப் பத்திரிகை போயிருக்கிறது, அந்தப் பெரிய வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிற ஆளுக்குப் போகவில்லை.

எப்படி விட்டார்? அது அவர் முழங்கைக்குத்தான் தெரியும். கால்குலேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, போர்க்கால இருட்டு, அரைகுறைச் சாப்பாடு, மேலே படுத்துத் தூங்கிய கம்பளி. அந்த நிலைமையில் பதின்மூன்று இலக்கம் வரைக்கும் போய் ஒன்றே ஒன்றை விட்டதற்கு அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் ஒரு சந்தோஷம் வரும். 'தாயார் கனவில் சொல்லி இவர் எழுதிக்கொண்டார், மூளைக்கு வேலையே இல்லை' என்று பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு எண் போதும். நாமகிரித் தாயார் சொல்லியிருந்தால் தப்பியிருக்காது. உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பெருக்கி, அழித்து, திரும்பப் பெருக்கி, மனுஷன் பாடுபட்டுப் போட்ட பட்டியல் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா? எட்டு வயசு ராமசாமியைக் கேட்டாலும் இதையே சொல்வான்.

பிளேட்டோ, மூன்று தம்பிகள், ஒரு ரூபாய்

விட்டுப்போன பங்காளிக்கு 5040 காரணிகள் என்றோம். அந்த 5040க்கே ஒரு பழைய பெருமை உண்டு. ஏதென்ஸ் பக்கம் பிளேட்டோ என்று ஒருத்தர், வயசான காலத்தில் 'சட்டங்கள்' என்ற நூலில் ஒரு புது ஊருக்குத் திட்டம் போட்டார். அந்த ஊரில் நிலமும் வீடும் 5040 பங்கு, கூடக்கூடாது, குறையக்கூடாது. காரணம், 5040ஐத் தன்னைத் தவிர 59 எண்கள் வகுக்கும். 1 முதல் 10 வரை தடையில்லை. வரி வசூலா, படைதிரட்டலா, எப்படிக் கேட்டாலும் பிரித்துக்கொடுக்கலாம். 11ஆல் மட்டும் வகுபடாதே என்று யாராவது கேட்டால், இரண்டு குடும்பத்தைக் கழித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று பெரியவர் அதற்கும் மருந்து வைத்திருந்தார். 5038 வகுத்தல் 11, 458. கணக்குச் சரிதான் சாமி. ஆனால் அந்த இரண்டு குடும்பம் யார் என்று அந்தியூர் பஞ்சாயத்தில் கேட்டுப் பார்க்கட்டும், தத்துவத்தை மூட்டை கட்டிக்கொண்டு ஏதென்ஸுக்கே நடையைக் கட்டவேண்டியிருக்கும்.

நம் சர்க்கார் மட்டும் பிளேட்டோவைப் படித்ததாகத் தெரியவில்லை. பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. மூன்று தம்பிகள் ஒரு ரூபாயைப் பிரித்தால் தலைக்கு 64 பை, அதாவது 5 அணா 4 பை. மீதி இல்லை, முறைப்பு இல்லை. 192க்கு 14 காரணிகள். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி, அதுவும் தேதி பார்த்து, ரூபாய்க்கு 100 நயா பைசா என்று மாற்றினார்கள். 100க்குக் காரணிகள் ஒன்பதே ஒன்பது. 3 அதில் கிடையாது. பத்தால் பெருக்குவது சுலபமாகிவிட்டது, வாஸ்தவம். ஆனால் மூன்று தம்பிகள் இருக்கிற வீட்டில் அன்றிலிருந்து ஒரு பைசா எப்போதும் அந்தரத்தில் தொங்குகிறது.

டாக்ஸிக்காரருக்கு ஒரு வார்த்தை

இப்போது 1729க்கு வருவோம். உடம்பு சரியில்லாமல் புட்னியில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி ஒரு டாக்ஸியில் போனார். வண்டி நம்பர் 1729. நோயாளியைப் பார்க்கப் போனால் நாலு ஆரஞ்சோ ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோ கொண்டுபோவது நம் வழக்கம். ஹார்டி வண்டி நம்பரைக் கொண்டுபோனார், அதிலும் சப்பை நம்பர் என்ற குறையோடு. படுக்கையில் கிடந்தவர், இல்லையே, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய ஆகச் சிறிய எண்ணாயிற்றே என்றார். 1இன் கனமும் 12இன் கனமும் சேர்ந்தால் 1729. 9இன் கனமும் 10இன் கனமும் சேர்ந்தாலும் 1729.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் படுக்கையில் படுத்தபடி மின்னல் வெட்டியதுபோல் வந்த ஞானம் என்று கதை சொல்கிறார்களே, அதுதான் இடிக்கிறது. ராமானுஜனின் பழைய நோட்டுகளிலேயே அந்தச் சமன்பாடு இருக்கிறது. பிரான்சில் ஃபிரெனிக்ல் என்பவர் 1657லேயே அதை அச்சிட்டிருக்கிறார். ஹார்டி ஏறிய வண்டிதான் புதுசு, நம்பர் பழசு.

அதைவிடப் பெரிய குறை, பங்கு விஷயத்தில் 1729 சுத்தமாக உதவாது. 7 × 13 × 19. மொத்தம் எட்டே காரணிகள். இரண்டு பேருக்குக்கூடப் பிரிக்க முடியாது. ராமானுஜனின் துறைமுகச் சம்பளமான 30 ரூபாய்க்கும் அதே எட்டுக் காரணிகள்தான், ஆனால் அதை இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு பேருக்குப் பிரிக்கலாம். 1729க்குச் சற்றே கீழே, யாரும் சீந்தாமல் நிற்கிறது 1680. அது ராமானுஜனின் அட்டவணையில் இடம்பெற்ற எண்; 40 காரணிகள். அந்த டாக்ஸியின் நம்பர் 1680ஆக இருந்திருந்தால், ஹார்டியின் வாடகையை ஏழு பேர் பகிர்ந்துகொண்டு போனாலும் நம்பருக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

உலகம் ஏன் 1729ஐத் தூக்கிக்கொண்டாடுகிறது என்பதும் விளங்காத ரகசியம் இல்லை. அதில் கதை இருக்கிறது: மேதை, படுக்கை, நண்பர், வண்டி. 6746328388800இல் கதை இல்லை, உழைப்புதான் இருக்கிறது. அட்டவணையின் அடிவரியில் குனிந்து உட்கார்ந்திருக்கிற எண்ணை யாரும் பனியனில் அச்சடிக்க மாட்டார்கள். கொங்கு நாட்டுக்காரனுக்கு இது பழகிப்போன அவமானம். மஞ்சளையும் துணியையும் வெற்றிலையையும் உண்டாக்கி அனுப்புவது நாம். பேர் வாங்குவது வாங்கி விற்கிறவர்.

ஆகவே சொத்தை நம் பேருக்கு மாற்றிவிடுவோம். ஆட்சேபணை இருக்கிறவர்கள் கும்பகோணத்திலிருந்து வந்து சொல்லட்டும், ஒறம்பரையாக வந்தால் சோறு போட்டே பேசலாம். அவர்களுக்கு 1729ஐ முழுசாக விட்டுக்கொடுக்கிறோம்; அதை எப்படியும் பிரிக்க முடியாது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. 28 வாரிசு வரைக்கும் சரி, 29ஆவது ஆள் வந்து "எனக்கும் பங்கு" என்று நின்றால்? 29 ஒரு பகா எண். நம் எண் கையை விரித்துவிடும். ஆனால் ராமானுஜனின் உயிலில் அதற்கும் வழி இருக்கிறது: வந்தவனை விரட்டாதே, அவனையும் உள்ளே சேர்த்துப் பெருக்கு. 6746328388800ஐ 29ஆல் பெருக்கினால் 195643523275200. காரணிகள் இரட்டிப்பாகி 20160. 29ஆவது ஆளுக்கும் பங்கு கிடைத்தது, 30ஆவது ஆளுக்கும் கிடைத்தது, முன்னே இருந்த 28 பேருக்கும் ஆளுக்குக் கிடைப்பது கூடியதே தவிரக் குறையவில்லை.

நிலத்தில்தான் இது நடக்காது. வாரிசு கூடக்கூட எண்ணைப் பெருக்கிக்கொள்ளலாம். பவானித் தாலுக்கா ஐந்து ஏக்கரை எத்தனை பெருக்கினாலும் ஐந்து ஏக்கர்தான். ஈரோட்டு அமீனாவின் பேரன் எண்களுக்குப் பாகப்பிரிவினையைச் சுத்தமாக முடித்துக்கொடுத்துவிட்டுப் போனார். நிலத்தை அப்புச்சி காலத்திலிருந்து கோர்ட்டுதான் பார்த்துக்கொண்டிருக்கிறது, இன்னும் வாய்தா கொடுத்துக்கொண்டிருக்கிறது.